டூலாலி என்றால் என்ன? தேவ்லாலியில் பிறந்த ஓர் ஆங்கிலச் சொல்

இங்கிலாந்தில் இருந்தபடி எங்களோடு வேலை பார்க்கும் தோழி ஒருவர் ஒருநாள் காலை அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'தி பிரிண்டர் ஹாஸ் கான் டூலாலி.' பிரிண்டரில் ஏதோ கோளாறு என்பது புரிந்தது. டூலாலி மட்டும் புரியவில்லை. பிழைக் குறியீடாக இருக்குமோ, ஏதாவது மென்பொருளின் பெயரோ என்று யோசித்துவிட்டுக் கடைசியில் அகராதியைத் திறந்தேன். பொருள் ஒரு வரியில் முடிந்துவிட்டது: கிறுக்குப் பிடித்த, புத்தி பிசகிய. ஆனால் அதற்குக் கீழே, சொல் பிறந்த கதையைச் சொல்லும் சின்னக் குறிப்பில், மும்பைக்கு அருகே உள்ள ஓர் ஊரின் பெயர் இருந்தது. பேச்சு வழக்கு ஆங்கிலத்தில் கிறுக்கைக் குறிக்கும் சொல்லுக்குள் ஒரு மராட்டிய ஊர் எப்படிப் போய் உட்கார்ந்தது? அதைத் தேடிப்போனதில் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே சொல்கிறேன். முதலில் பொருள், அப்புறம் கதை.

பேச்சில் இந்தச் சொல் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, ஆளைப் பற்றியது. ஒருவர் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்கிறார், பொருத்தமில்லாமல் எதையோ செய்கிறார் என்றால் 'ஹி ஹாஸ் கான் டூலாலி' என்பார்கள். மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று நாம் சொல்வோமே, அதுதான். நள்ளிரவில் எழுந்து சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கி அடுக்கிக்கொண்டிருக்கும் கணவரைப் பார்த்து மனைவி கேட்கலாம்: 'ஹாவ் யூ கான் டூலாலி?' உங்களுக்கு என்ன, மறை கழன்றுவிட்டதா என்று கேட்பதற்குச் சமம். கேள்வியில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

இரண்டாவது, பொருள்களைப் பற்றியது. என் தோழியின் பிரிண்டர் இந்த வகை. காகிதமே இல்லாதபோது காகிதம் சிக்கியிருக்கிறது என்று சொல்லும் பிரிண்டர், நேராகப் போகச் சொன்னால் வந்த வழியே திருப்பிவிடும் வழிகாட்டிச் செயலி, மணி பத்தாகும்போது மூன்று என்று காட்டும் கடிகாரம் எல்லாமே டூலாலி ஆகலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடியோடு நின்றுபோன இயந்திரத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. அது பழுது, அவ்வளவுதான். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் தலைகீழாக எதையாவது செய்ய வேண்டும். அப்போதுதான் டூலாலி.

மூன்றாவது, மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் போவது. வெளியே கூட்டிப்போகப் போகிறார்கள் என்று வாரைக் கையில் எடுத்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வீட்டையே சுற்றிவரும் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். 'தி டாக் கோஸ் டூலாலி' என்பார்கள். ஒருவர் மேல் பித்துப் பிடித்து அலைபவரையும் இப்படிச் சொல்வதுண்டு. மற்ற இரண்டு பொருளையும்விட இது கொஞ்சம் குறைவாகத்தான் காதில் விழும்.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தச் சொல் பெரும்பாலும் வினையை ஒட்டியே வரும். 'கோ டூலாலி' என்றால் கிறுக்காகிவிடுவது. 'டிரைவ் மீ டூலாலி' என்றால் என்னைக் கிறுக்காக்குவது. 'எ பிட் டூலாலி' என்றால் கொஞ்சம் அப்படி. 'கம்ப்ளீட்லி டூலாலி' என்றால் முழுதாக. ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வைத்து 'டூலாலி மனிதர்' என்று சொல்வது தவறில்லை, ஆனால் அரிது. அவன் ஒரு கிறுக்கன் என்ற பொருளில் 'அவன் ஒரு டூலாலி' என்று ஆளுக்குப் பெயராக வைப்பதும் வழக்கமில்லை. டூலாலி என்பது போய்ச் சேரும் ஒரு நிலை என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், வாக்கியம் தானாகச் சரியாக அமைந்துவிடும்.

உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில் விழும். டூ-லா-லி. எழுதும்போது தமிழில் 'லா' என்று நெடிலாகப் போடுகிறோமே தவிர, அது அவ்வளவு நீளாது. ஆப்பிள் என்ற சொல்லை ஆங்கிலேயர் தொடங்கும்போது வாயை அகலத் திறந்து சொல்லும் ஒலி அது.

எவ்வளவு கடுமையான சொல் இது? அவ்வளவாக இல்லை. ஆங்கிலத்தில் 'மேட்' என்பது வெறிவரைக்கும் போகும். 'இன்சேன்' என்பதில் மருத்துவ, நீதிமன்ற வாடை அடிக்கும். டூலாலி இவற்றைவிட மெல்லியது. 'பாங்கர்ஸ்', 'பார்மி' என்று பிரிட்டிஷ்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் சொற்களோடு சேர்ந்தது. தமிழில் இணை தேடினால் 'பைத்தியம்' என்பது கனமாகிவிடுகிறது. 'பித்து' என்றால் பக்தியும் காதலும் கூடவே வந்துவிடும். 'லூசு' நெருங்கி வருகிறது, ஆனால் அதில் திட்டும் தொனி தூக்கல். என் கணக்கில் மிகவும் பொருந்துவது 'மறை கழன்றது' அல்லது 'நட்டு கழன்றது'. ஆளுக்கும் சொல்லலாம், இயந்திரத்துக்கும் சொல்லலாம். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது, இப்போது ஏதோ ஒன்று இடம் பிசகிவிட்டது என்ற உட்பொருளும் அதில் இருக்கிறது. டூலாலியிலும் அதே உட்பொருள் உண்டு. பிறவியிலேயே கிறுக்கானவரை யாரும் டூலாலி என்பதில்லை. நன்றாக இருந்து, அப்புறம் ஆனவர்தான் டூலாலி.

இந்த 'அப்புறம் ஆனவர்' என்பதில்தான் சொல்லின் பிறப்புக் கதை ஒளிந்திருக்கிறது.

மும்பைக்கு வடகிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், நாசிக் நகரத்தை ஒட்டி, தேவ்லாலி என்று ஓர் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறிய பிறகு வரும் தக்காண மேட்டில் இருக்கிறது. மராத்தியில் எழுதினால் தேவளாலி. நம்மைப்போலவே மராத்திக்காரர்களுக்கும் ளகரம் உண்டு. 1861இல் பிரிட்டிஷ் இராணுவம் அங்கே ஒரு முகாம் போட்டது. மும்பைத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும் சிப்பாய்கள் தங்கள் படைப்பிரிவுக்குப் போகும் முன்னே அங்கே தங்குவார்கள். இந்தியாவில் பணிக்காலத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்புபவர்களும் கப்பல் ஏறும்வரை அங்கேதான் தங்க வேண்டும். உடம்பு தேற வேண்டிய படைவீரர்களுக்கான இல்லமும் அங்கே இருந்தது.

ஊர் மோசமான ஊர் இல்லை. மும்பையின் புழுக்கத்தோடு ஒப்பிட்டால் நல்ல காற்று. பிற்காலத்தில் உடல் தேறுவதற்காகவும் கோடையைக் கழிக்கவும் மும்பைக்காரர்கள் தேடிப்போன இடம்தான் அது. அப்படியானால் கிறுக்கு எங்கிருந்து வந்தது? நான் பார்த்தவரை, அது நாட்காட்டியில் இருந்து வந்தது.

பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் அவற்றுக்குப் பருவம். கோடையில் செங்கடலில் அடிக்கும் வெப்பத்தில், அடைத்துவைத்த கப்பலின் கீழ்த்தளத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. ஜூனில் தொடங்கினால் அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று. ஆகவே குளிர்மாதங்களில் மட்டுமே படைக்கப்பல். ஏற்பாட்டில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சிப்பாயின் ஒப்பந்தக் காலம் கப்பல் பருவத்தைப் பார்த்தா முடியும்?

ஒரு சிப்பாயை எடுத்துக்கொள்வோம். அவனுக்குப் பணிக்காலம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. கடைசிக் கப்பல் மார்ச்சோடு போய்விட்டது. அடுத்த கப்பல் நவம்பரில். நடுவே ஏழு மாதம். அவனுடைய படைப்பிரிவு அவனை விடைகொடுத்து அனுப்பியாயிற்று. கூட இருந்த நண்பர்கள் எல்லாம் அங்கேயே இருக்கிறார்கள். இவன் தேவ்லாலியில் முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரு கொட்டகையில் கிடக்கிறான். ஏப்ரல், மே வெயில் போகிறது. ஜூனில் மழை பிடித்து செப்டம்பர்வரை கொட்டுகிறது. வேலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. காலையில் எழுகிறான், பெயர் கூப்பிடும்போது இருக்கிறேன் என்கிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான். சிப்பாயாகவும் அவன் இல்லை, சிப்பாய் இல்லாதவனாகவும் இல்லை. ஊருக்குப் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தவன் எங்கும் போகாமல் அங்கேயே இருக்கிறான்.

இந்தச் சிப்பாய் நான் கற்பனையில் நிறுத்தியவன். ஆனால் இப்படி இருந்தவர்களைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தியாவில் சிப்பாயாக இருந்த ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ், 1936இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் தேவ்லாலியைப் பற்றிச் சொல்கிறார். பணிக்காலம் முடிந்தவர்கள் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அத்தனை ஆண்டுகள் ஒழுங்காக இருந்தவர்கள்கூட, செய்வதற்கு ஒன்றும் இல்லாத அந்த நாட்களில் தடம் மாறிப் போனார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் நோயை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். விசித்திரமாக நடந்துகொள்கிற எவனையும் பார்த்து, 'இவனுக்கு டூலாலி டேப் வந்துவிட்டது' என்று சிப்பாய்கள் சொல்லும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது என்கிறார் அவர்.

பெரிய அதிகாரிகள் எழுதிய நினைவுக்குறிப்புகள் ஏராளம். கொட்டகையில் படுத்துக் கிடந்த சாதாரணச் சிப்பாய் எழுதியது மிகக் குறைவு. அதனால்தான் இந்தச் சாட்சியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தச் சொல்லும் அந்தக் கொட்டகைகளில் இருந்துதான் வந்தது. எந்தப் பேராசிரியரும் இதை உருவாக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் தன்னோடு தானே பேசிக்கொண்டு நடப்பதைப் பார்த்த ஒருவன், அவனுக்கு ஊர் பிடித்துவிட்டது, தேவ்லாலி பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அந்தக் கேலிக்குள் நாளைக்கு நமக்கும் இப்படி ஆகுமோ என்ற பயமும் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ரிச்சர்ட்ஸ் 'டூலாலி டேப்' என்கிறாரே, அந்த டேப் என்ன?

முழுச் சொல் அதுதான். 1925இல் வெளிவந்த படைவீரர், மாலுமிகள் வழக்குச் சொல் தொகுப்பு ஒன்றிலும் 'டூலாலி டேப்' என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் டேப் என்றால் தண்ணீர்க் குழாய், அல்லது மெல்லத் தட்டுவது. இரண்டுமே இங்கே கிடையாது. இந்துஸ்தானியில் 'தப்' என்றால் காய்ச்சல். அந்தக் காலத்தில் சிப்பாய்களை ஆட்டிப்படைத்த மலேரியாக் காய்ச்சலை இந்தியர்கள் அப்படிச் சொல்வதைக் கேட்டு அவர்கள் எடுத்துக்கொண்டது. நமக்கு இந்த வேர் அந்நியமில்லை. வெப்பத்தைக் குறிக்கும் 'தாபம்' தமிழில் இன்றும் இருக்கிறது. தாபத்தோடு உறவுள்ள சொல்தான் இந்தத் தப். ஆக, 'டூலாலி தப்' என்றால் தேவ்லாலிக் காய்ச்சல். உடம்பில் வரும் காய்ச்சலுக்கு வைத்த பெயரை மனத்துக்கு வந்ததற்கும் வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே முகாமில் ஒரே ஆளுக்கு வரக்கூடியவைதானே.

இந்தியாவில் இருந்து சொல் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனபோது, தப் என்றால் காய்ச்சல் என்று தெரிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை. காதில் விழுந்ததை ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு, மண்டையில் ஒரு தட்டு விழுந்தவன் என்று அவர்களே ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டார்கள். பிறகு நாளடைவில் அந்த டேப் உதிர்ந்துவிட்டது. காய்ச்சல் போய், ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. பொருள் முழுவதையும் அந்த ஊர்ப்பெயரே சுமக்கத் தொடங்கிவிட்டது. இது எனக்கு மிகவும் வியப்பான திருப்பம். நோயைக் குறித்த சொல் அழிந்துவிட, இடத்தைக் குறித்த சொல்லே நோயாகிவிட்டது.

தேவ்லாலி எப்படி டூலாலி ஆனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கிய அதே நாக்குதான். வாய்க்கு வராத ஒலியை, வாய்க்குப் பழகிய ஒலியாக மாற்றிக்கொள்வது. ளகரம் போனது, தே டூ ஆனது. ஆனால் இந்த மாற்றத்தில் சொல்லுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. டூலாலி என்ற ஒலி ஆங்கிலக் காதுக்குத் தாலாட்டுப் போலவும் பிதற்றல் போலவும் கேட்கிறது. தள்ளாடுவது போன்ற ஒரு அசைவு அதில் இருக்கிறது. கிறுகிறுத்தது என்று சொல்லும்போதே நமக்குத் தலை சுற்றுவது போல இருக்கிறதே, அதுபோல. தேவ்லாலி என்பது ஓர் ஊர் என்றே தெரியாத கோடிக்கணக்கானவர்களின் வாயில் இந்தச் சொல் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருப்பதற்கு இந்த ஒலியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓர் இடத்தின் பெயரே மனநிலையைக் குறிக்கும் சொல்லாவது உலகத்தில் இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். இலண்டனில் 1247இல் தொடங்கப்பட்ட பெத்லெம் என்ற நிறுவனம் பிற்காலத்தில் மனநல மருத்துவமனை ஆனது. அதன் பெயர் பேச்சில் மழுங்கி 'பெட்லம்' ஆகி, கூச்சல் குழப்பம் எதற்கும் ஆங்கிலத்தில் பெயராகிவிட்டது. தமிழில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அவை இரண்டும் மருத்துவமனையால் வந்த பெயர்கள். தேவ்லாலிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காத்திருப்பு. நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டதால் வந்த பெயர் அல்ல, நன்றாக இருந்தவர்களைக் கொண்டுபோய் உட்காரவைத்ததால் வந்த பெயர்.

அதே சிப்பாய்கள் இந்தியாவில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன சொற்கள் இன்னும் நிறைய உண்டு. நாம் 'பக்கா' என்கிறோம், அவர்களும் அசல், தரமானது என்ற பொருளில் 'பக்கா' என்கிறார்கள். நமக்குக் குஷி என்றால் உற்சாகம். அவர்களுக்கு 'குஷி' என்றால் நோகாமல் கிடைத்த சுகமான வேலை. இந்திச் சொல்லான 'தேக்கோ' அங்கே ஒரு பார்வை பார்ப்பது என்ற பொருளில் 'டெக்கோ' ஆகியிருக்கிறது. இவற்றை எல்லாம் பட்டியல் போட்டு முடியாது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது டூலாலியின் மறுபக்கம்.

'ப்ளைட்டி' என்று ஒரு சொல். பிரிட்டனைக் குறிக்கும் செல்லப் பெயர். அதன் மூலம் 'விலாயத்தி'. சீமையைச் சேர்ந்தது என்று பொருள். நம் பெரியவர்கள் சீமைத்துணி, சீமைச்சாமான் என்று சொன்னார்களே, அந்தச் சீமைதான். இந்தியர்கள் சீமைக்குச் சொல்லும் சொல்லையே சிப்பாய்கள் எடுத்து, வாய்க்கு வந்தபடி உருட்டி, தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் கிடந்தவர்களுக்கு அது ஏக்கமாகவே ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லாமல், ஆனால் ஊருக்கு அனுப்பியே தீரும் அளவுக்குப் படும் காயத்துக்கு 'ப்ளைட்டி காயம்' என்றே பெயர் வைத்தார்கள். ப்ளைட்டி, போய்ச் சேர வேண்டிய இடம். டூலாலி, போய்ச் சேராமல் மாட்டிக்கொண்ட இடம். ஒரே கப்பல் பயணத்தின் இரண்டு முனைகளில் பிறந்த சொற்கள் இவை. ஆங்கிலம் இரண்டையும் இன்றுவரை வைத்திருக்கிறது, இரண்டுமே இந்தியாவில் இருந்து போனவை.

தேவ்லாலி முகாம் இரண்டாம் உலகப் போர் வரையிலும் படைவீரர்கள் வந்து போகும் இடமாகவே இருந்தது. போருக்குப் பிறகு சொல் படைமுகாமை விட்டு வெளியேறி வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டது. 1974இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய ஒரு நகைச்சுவைத் தொடரின் கதை தேவ்லாலி முகாமில்தான் தொடங்குகிறது. அங்கே பணியாற்றிய அனுபவம் உள்ளவர்தான் அதை எழுதியவர்களில் ஒருவர். அதைப் பார்த்துத்தான் தேவ்லாலி என்று ஓர் ஊர் இருப்பதே பல பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் இந்தச் சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் நன்றாக இருக்கிறது. இந்திய இராணுவத்தின் பீரங்கிப் படைப் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் திராட்சையும் வெங்காயமும் விளையும் பூமி. விளைபொருள்களை ஏற்றிச் செல்வதற்காக விடப்பட்ட கிசான் ரயில்களில் முதலாவது, 2020 ஆகஸ்ட் 7 அன்று தேவ்லாலியில் இருந்துதான் பீகாரின் தானாப்பூருக்குக் கிளம்பியது. அந்த ரயில் செய்தியைப் படிக்கும் பிரிட்டிஷ்காரர் எவருக்கும் தன் பாட்டி சொல்லும் சொல் அது என்று தோன்றியிருக்காது.

சரி, இந்தச் சொல்லை நாம் பயன்படுத்தலாமா? பிரிட்டிஷ்காரர்களோடு பேசிப் பழகுகிறவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் புரியும். அமெரிக்கர்களிடம் சொன்னால் பெரும்பாலும் விளக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் வயதானவர்களின் வாயில் அடிக்கடி வரும் சொல் என்பதால் ஒரு பழைய வாசனை உண்டு. ஆனால் வழக்கொழிந்துவிடவில்லை. பேச்சு, அரட்டை, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சல் ஆகியவற்றில் இயல்பாகப் பொருந்தும். விண்ணப்பம், அறிக்கை, மேலதிகாரிக்கு எழுதும் கடிதம் இவற்றில் வேண்டாம்.

பொருள்களைச் சொல்லும்போது எந்தத் தயக்கமும் தேவையில்லை. தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்போதும் அப்படித்தான். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அதே இசையை முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு காத்திருக்கும்போது 'ஐ அம் கோயிங் டூலாலி' என்று சொன்னால், அதைவிடப் பொருத்தமாக இந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. எந்தச் சூழலில் பிறந்ததோ அதே சூழலில் பயன்படுத்துகிறீர்கள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போனவர், முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் கிடப்பவர், தாமதமான விமானத்துக்காக நாற்காலியில் இரவைக் கழிப்பவர் எல்லாரும் உரிமையோடு சொல்லலாம்.

மற்றவர்களைச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். முதுமையில் நினைவு தடுமாறும் பெரியவர்களை 'எ பிட் டூலாலி' என்று பிரிட்டனில் சொல்லும் பழக்கம் உண்டு. சொந்த மகளோ மகனோ அன்போடு, கண்ணில் நீரோடு சொன்னால் அது வேறு. வெளியாள் சொன்னால் வலிக்கும். நினைவிழப்பு நோய் உள்ளவர்கள், மனநலச் சிகிச்சை எடுத்துக்கொள்பவர்கள் விஷயத்தில் இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சொல் மென்மையானதுதான், ஆனால் அது விழும் இடம் மென்மையாக இருக்க வேண்டுமே. முதன்முதலில் இந்தப் பெயரைச் சுமந்த சிப்பாய்கள் வெறும் கேலிப்பொருள்கள் இல்லை, உண்மையிலேயே உடைந்துபோனவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு இந்தக் கவனம் இன்னும் கூடியிருக்கிறது.

எழுத்துக்கூட்டலில் குழப்பம் வராமல் இருக்க ஒரு கணக்கு: ஓ இரண்டு, எல் மூன்று. டி, ஓ, ஓ, எல், ஏ, எல், எல், ஒய். நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதியதையும் பழைய அச்சுகளில் பார்க்கலாம். இப்போது சேர்த்தே எழுதுகிறார்கள். ஊர்ப்பெயரில் இருந்து வந்திருந்தாலும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவதில்லை. ஊரை எப்போதோ மறந்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு தோழிக்கு நீளமாக ஒரு பதில் எழுதினேன். தேவ்லாலி, கப்பல், காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலையே பதில் வந்தது. சின்ன வயதில் அவருடைய தாத்தா, யாராவது ஏறுமாறாகப் பேசினால், நெற்றிப்பொட்டில் ஒற்றை விரலால் இரண்டு முறை தட்டிக்காட்டி 'டூலாலி டேப்' என்பாராம். அந்தத் தட்டைத்தான் தாத்தா டேப் என்கிறார் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார்.